வந்த வழியே

எட்மண்டனில் அன்று மைனஸ் இருபத்தொன்று.
வானம் துடைத்து வைத்த கோப்பை.
ஒரு மேகம் இல்லை; படம் எடுத்து வைத்தேன்.
யெல்லோநைஃபுக்குப் போய்த்
துருவ ஒளி பார்ப்பதாகத் திட்டம்,
கல்யாணத்தின் ஐந்தாம் வருடத்துக்கு.
பலகையில் எங்கள் வரி முதலில் மஞ்சளானது.
பிறகு சிவப்பு.

விமானி இல்லை என்றாள் கவுண்டரில் இருந்தவள்.
காலநிலை என்றது மின்னஞ்சல்.
மூன்று வாரம் கழித்து வந்த கடிதம்
'எமது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்கள்' என்றது,
எது என்று சொல்லாமல்.
அந்தச் சொற்றொடர் பிற்பாடு எனக்கும் உதவியது,
ஏன் பிரிந்தீர்கள் என்று
சாமத்திய வீடுகளில் கேட்டவர்களிடம்.

நாற்பத்தெட்டு மணிநேரத்தில் வேறு இருக்கை தராவிட்டால்
காசைத் திருப்ப வேண்டும். அது விதி.
அவர்கள் நீட்டியது வவுச்சர்:
ஒரு வருடத்துக்குள்,
அதே இருவர்,
சேர்ந்தே பறக்க வேண்டும்.

"எடுத்துக்கொண்டு விடும்.
ஆயிரம் டொலருக்கு ஆரும் வழக்காடுவினமே?"
என்றான் ஜெயரூபன்.
நான் விடவில்லை.
எதையும் விடத் தெரியாதவள் என்பது
என்மேல் அவன் வைத்திருந்த முறைப்பாடுகளில்
முதலாவது.

கோப்பு எண் பதினொரு இலக்கம்.
நித்திரையிலும் சொல்வேன்.
பேக்கரியில் இரவு வேலை முடித்து
மா ஒட்டிய கையால்
'அன்புடையீர்' என்று தொடங்குவேன்,
அன்பில்லாமல்.
இணைப்பு ஒன்று, டிக்கெட்.
இரண்டு, சிவப்பு வரி.
மூன்று, கவுண்டர்க்காரி எழுதித் தந்த துண்டு.
நான்கு, அந்த வானம்.
மேகமில்லை என்று காட்டப் பெரிதாக்கியபோதுதான் கண்டேன்:
ஜன்னல் கண்ணாடியில் அவன்.
இரண்டு கையிலும் தேநீர்.
நான் எங்கே என்று தேடுகிற முகம்.
வெட்டாமலே அனுப்பினேன்.

'உங்கள் முறைப்பாடு பரிசீலனையில் உள்ளது'
என்று பதில் வந்த மாதம்
வீட்டைப் பிரித்தோம்.
பிரஷர் குக்கர் எனக்கு.
பனி அள்ளும் சவள் அவனுக்கு,
அள்ள முற்றமில்லாத
எட்டாம் மாடிக்குப் போகிறவனுக்கு.
பறக்காத அந்தப் பயணத்தை
இருவரும் பட்டியலில் எழுத மறந்தோம்.

பதினான்காம் மாதம் வென்றேன்.
'முழுத் தொகையும் முப்பது நாளுக்குள்,
செலுத்திய வழியிலேயே திருப்பப்படும்.'
செலுத்திய வழி
அவனுடைய கிரெடிட் கார்ட்.

இரண்டு நாள் சிரித்தேன்.
பேக்கரியில் கூட வேலை செய்யும் பிலிப்பினோப் பெண்ணுக்குச் சொல்ல,
அவள் ஒரு பன்னைத் தட்டில் வைத்து
என் பக்கம் தள்ளினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கைபேசி அதிர்ந்தது.
ஜெயரூபன் உங்களுக்குப் பணம் அனுப்பியுள்ளார்.
பாதி அல்ல.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டொலர், நாற்பது சதம்.
பெற்றுக்கொள்ளப் பாதுகாப்புக் கேள்வி:
எந்த வாசலில் இருந்தோம்?

வாசலை அன்று மூன்று முறை மாற்றினார்கள்.
ஐம்பத்திரண்டில் சான்ட்விச், சிரிப்பு,
அரோரா பற்றி அவன் அளந்த கதை.
பத்தொன்பதில் சண்டை;
பெட்டியின் சில்லு உடைந்தது அங்கேதான்.
நாற்பத்தேழில் ஆளில்லை.
தரைவிரிப்பில் கால் நீட்டி
ஒரே ஜாக்கெட்டைப் போர்த்து
ஒலிபெருக்கி எதுவும் சொல்லிவிடக் கூடாதென்று
மூச்சுக் காட்டாமல் இருந்தோம்.

52 என்று தட்டினேன். பிழை.
சண்டையைத்தான் அவன் மறக்கமாட்டான்,
19. பிழை.
இன்னும் ஒரு முறைதான் என்றது வங்கி.

நாற்பத்தேழை முதலில் போடாததற்குக் காரணம்
அது என்னிடம் மட்டும் இருக்கிறதென்று
நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை
காருக்குக் குளிர்கால டயர் நாலும் மாற்றினேன்.
மெக்கானிக் ரசீதை நீட்டி,
பிடிக்காவிட்டால் கொண்டு வாருங்கள்,
முப்பது நாள் இருக்கிறது என்றான்.